கற்சிலுவை முக்கில் மஞ்சள் குறிகள்

அக்டோபர் 17, வெள்ளி

நடைச் சங்கத்து வேலையாக, மலையில் நடக்க வருகிறவர்களுக்கு வழி காட்டும் நடைபாதைக் குறிகளைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கையில் மஞ்சள் பெயிண்ட், தூரிகை, மரத்தில் பாசி சுரண்டக் கம்பி பிரஷ். வால்நட் உதிர்ந்து கிடந்து, கால் வைக்கிற இடமெல்லாம் நொறுங்குகிறது. மேட்டிலிருக்கும் கற்சிலுவை வரை வேலை முடிந்தது. திரும்பி வரும்போது, புறாமாடத்துக்கு மேலே உள்ள பள்ளத்து வழியில், ஒரு ஓக் மரத்தில் மஞ்சள் குறி.

அங்கே குறியே இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவில் ஒற்றை வழி, யாரும் வழி தப்ப முடியாது. வழி பிரிந்து சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும்தான் குறி வைப்போம். அதோடு அந்த வழி நடைபாதையைச் சேர்ந்ததே இல்லை. எங்கள் வீட்டுப் பக்கம் இறங்குகிற பழைய வண்டித்தடம்.

அந்த மஞ்சள் கோட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வேறு. எங்கள் குறிகளில் புள்ளி என்று ஒன்று கிடையவே கிடையாது.

இந்த ஊரில் மஞ்சள் பெயிண்ட் என் கொட்டகையில் மட்டும்தான் இருக்கிறது. நானா போட்டேன்?

அக்டோபர் 19, ஞாயிறு

வேட்டைக்காரர்கள் காட்டில் இறங்கியிருக்கிறார்கள். காலையிலிருந்து நாய்ச் சத்தமும் ஊதுகுழலும். ஞாயிற்றுக்கிழமை யாரும் நடக்கப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுவது நல்லது.

செப்டம்பரில் ஒரு நாள் கற்சிலுவை முக்கில் நின்றுவிட்டேன். களைப்பில் நிற்கவில்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. அங்கே இரண்டு நடைபாதைகள் குறுக்கிடுகின்றன, எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள். எல்லாம் நான் போட்ட மஞ்சள். அதில் எது வீட்டுக்குப் போகிறது? தெரியவில்லை. அத்தனை வருஷம் நடந்த இடம் யாரோ ஒருவருடைய ஊராகத் தெரிந்தது.

அப்போது ஃபிர்மேன் பள்ளத்து வழியாக ஏறி வந்தான். "காளான் முளைச்சிருக்கான்னு பாக்க வந்தேன். வீட்டுக்குத்தானே, வா," என்றான். ஒன்றும் நடக்காதது மாதிரி அவனோடு நடந்தேன். நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனிடம் சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வழி, பிறகு அடுப்பு, கடைசியில் நான். என்னைப் பார்த்து, "நீங்க யாரு, நர்ஸா?" என்றாள்.

அக்டோபர் 24, வெள்ளி

சிலுவையிலிருந்து வீட்டுப் பக்கம் இறங்கி வரும்போது இன்னும் மூன்று நான்கு. வேலிக் கம்பத்தில், புறாமாடத்து எதிர்ச் சுவரில், ஊரார் துணி துவைக்கும் பழைய துவைதுறைக்குப் பின்னால். எல்லாவற்றிலும் அதே புள்ளி.

கொட்டகைக்குப் போய் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. தூரிகையைச் சரியாகக் கழுவாமல் வைத்து முடியெல்லாம் விறைத்துக் கிடக்கிறது. நான் ஒருநாளும் அப்படி வைக்கமாட்டேன். முன்பெல்லாம் வைக்கமாட்டேன், இப்போது?

நகத்துக்கு அடியில் மஞ்சள் இருந்தது. போன வெள்ளிக்கிழமை வேலையில் ஒட்டியதுதான். ஆமாம், அதுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறையில் அம்மாவுக்குச் செவந்தித் தொட்டி வைத்தோம். ஃபிர்மேன் என் கையை விடவே இல்லை. ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு வருகிறான்?

நவம்பர் 6, வியாழன்

மேயர் கூப்பிட்டு அனுப்பினாள். மேயர் என்றாலும் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த ரூஸேதான். கோபம் வந்தால் பதவியெல்லாம் மறந்துவிடுவாள். நேரே மாதா கோவில் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இது என்னடி நொயெலி?"

செதுக்கு வேலை செய்த வாசல் தூணில், அப்போஸ்தலர்களின் காலுக்குக் கீழே, மஞ்சள் கோடும் புள்ளியும்.

"எண்ணூறு வருஷத்துக் கல்லுடி! ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட நான் தலைநகரத்துக்கு எழுதி அனுமதி வாங்கணும். நீ என்னடான்னா வேலிக் கம்பத்துல தீத்துற மாதிரி தீத்தி வச்சிருக்க. புதுசா வந்தவங்ககூட இதைப் பண்ணமாட்டாங்களே!"

உண்மைதான். பழைய கல்லில் குறி வைக்கக்கூடாதென்பதைப் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லித்தருவார்கள். தூணைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். இதை நான் செய்த ஞாபகம் துளியும் இல்லை. ஆனால் "ஞாபகம் இல்லை" என்று அவளிடம் சொன்னால் என்ன ஆகும்? மாலைக்குள் ரொட்டிக்கடை வரை போய்விடும்.

"கவனப் பிசகு. நான்தான் போட்டேன், நானே சுத்தம் பண்ணித் தரேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நவம்பர் 7, வெள்ளி

சூப் சாப்பிடும்போது ஃபிர்மேனிடம் தூண் விஷயத்தைச் சொன்னேன். கரண்டி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"நீ... நீ ஏன் ஒத்துக்கிட்ட?"

"நான்தான் போட்டேன். வேற யாரு போடுவா?"

அவன் ரொட்டியை எடுத்துத் துண்டு துண்டாகப் பிய்த்தான். சாப்பிடவில்லை. அவனுக்கும் தெரிந்துவிட்டது, எனக்குப் புத்தி கலங்குகிறதென்று. அந்த முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் வீட்டிலிருந்து கிளம்பி பள்ளத்து வழியாக மேலே ஏறினேன், அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவதென்று. ஒன்றுகூட இல்லை! துவைதுறை சுத்தமாக இருந்தது. வேலிக் கம்பம் சுத்தம். ஓக் மரத்தில் வெறும் பட்டை. அப்படியானால் நான் குறி வைத்ததும் இல்லை, குறி இருந்ததும் இல்லை, இல்லாத ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடவுளே, அம்மாவுக்குக்கூட இப்படி வரலையே! மரத்தைத் தாண்டி நாலடி போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வீட்டுக்கே போய்விடலாமென்று திரும்பினேன்.

இருந்தது. அதே மரத்தின் மறுபக்கம், மஞ்சள் கோடு, புள்ளி.

கம்பத்திலும் மறுபக்கம். சுவரிலும் அப்படியே. எல்லாமே கீழே இறங்குகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறபடி. குறி வைக்கிறவர் யாரும் ஒரு திசைக்கு மட்டும் வைப்பதில்லை. போகிறவருக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்று, கை தானாகவே அப்படித்தான் போகும். தூக்கத்தில் போட்டாலும் நான் இரண்டு பக்கமும் போட்டிருப்பேன். அப்புறம் உயரம். நாங்கள் கண்மட்டத்தில் போடுவோம். இவை நெஞ்சு மட்டத்தில் இருந்தன, தோளைத் தூக்க முடியாத ஒருவர் போட்ட மாதிரி.

குறிகளைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். துவைதுறை, கோவில், எங்கள் தெரு. கடைசிக் குறி எங்கள் வீட்டுக் கேட்டின் வெளிப்பக்கம், பெயிண்ட் இன்னும் புதுசு.

செப்டம்பரில் காளான் பார்க்க வந்தவன் கையில் அன்றைக்குக் கூடையே இல்லை. இப்போதுதான் உறைக்கிறது.

ஃபிர்மேன் தோட்டத்தில் லீக் வெங்காயத்தாள் பிடுங்கிக்கொண்டிருந்தான். எதிரில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"புள்ளி இருந்தா வீட்டுப் பக்கம்னு அர்த்தம்," என்றான். "சொல்லாமலே உனக்குப் புரிஞ்சுடும்னு நெனச்சேன்."

"எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நெனச்சேன்டா நான்! ராத்திரி ராத்திரியா! மேயர்கிட்ட பழிய என் தலைல போட்டுக்கிட்டு வந்தேன்!"

"அன்னைக்கு மேட்டுல நீ நின்னதப் பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன், நொயெலி. கேட்டா நீ பயந்துடுவியேன்னு..."

"கேக்காம இருந்தா பயப்பட மாட்டேனா?"

அவன் அழுதான். எனக்கு அவனை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. லீக்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

குறி போட்டது நான் இல்லை. ஆனால் மேட்டில் நின்றது நான்தானே?

நவம்பர் 20, வியாழன்

நடைச் சங்கத் தலைவி கிஸ்லேன் வந்தாள். உள்ளே வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "உங்க பள்ளத்து வழியெல்லாம் மஞ்சளா இருக்கு. ஆய்வுக்கு வர்றவங்க பாத்தா நம்ம பாதைய பட்டியல்லேருந்தே தூக்கிடுவாங்க. அழிச்சிடு, கண்ணு," என்றாள்.

ஃபிர்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முந்திக்கொண்டு, "சனிக்கிழமை அழிச்சிடறேன்," என்றேன். நாய்க்குட்டிக்கு வழி காட்டுகிற மாதிரி எனக்கு வழி போட்டு வைத்திருக்கிறான். எனக்கு வேண்டாம்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

ஃபிர்மேன் தோள் வலிக்கு வைத்தியரிடம் போயிருந்தான். மரப்பட்டை நிறத்துச் சாம்பல் பெயிண்டை எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொன்றாகத் தாண்டி, திரும்பி நின்று, அழித்து, மேலே போனேன். நல்ல சுத்தமான வேலை. அழிக்க அழிக்க மனசு லேசாயிற்று. கடைசிப் புள்ளி கற்சிலுவைக்குப் பக்கத்து மேப்பிள் மரத்தில். அதன்மேல் சாம்பலைத் தடவி, மூடியை அழுத்தி மூடி, நிமிர்ந்தேன்.

எந்தப் பக்கம்?

மூடுபனி இறங்கியிருந்தது. நாலு பக்கமும் மஞ்சள். சிலுவையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு பாதையில் கொஞ்சம் போய், பயந்து, திரும்பி ஓடி வந்தேன். வந்தது எந்தப் பாதை என்பதும் போய்விட்டது. ஊர் மணி அடித்தது, அது எங்கிருந்து வருகிறதென்றும் பிடிபடவில்லை. சிலுவைக் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "ஃபிர்மேன், ஃபிர்மேன்" என்று கத்தினேன். வீட்டிலிருந்து அங்கே வரைக்கும் ஒன்று விடாமல் என் கையாலேயே அழித்துவிட்டு, அங்கே நின்று கத்துகிறேன்.

அவனும் கிஸ்லேனும் விளக்கோடு வந்தார்கள். கிஸ்லேன் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டாள். கேட்டுக்கு வந்ததும் ஃபிர்மேனிடம், "எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, மரமண்டை?" என்றாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

நகரத்து மருத்துவமனை. கடிகாரம் வரையச் சொன்னார்கள், வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். டாக்டர் சின்னப் பெண். வளைத்துப் பேசாமல் சொன்னாள்: "ஆரம்ப நிலை, மதாம். மெதுவா போகுமா வேகமா போகுமான்னு இப்ப சொல்ல முடியாது."

அம்மாவின் நோய்தான். காரில் ஃபிர்மேன் சாவியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாமலே உட்கார்ந்திருந்தான்.

பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையுமென்று பார்த்தேன், குறையவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

ஆய்வு முடிந்தது, நம் பாதை பட்டியலில் இருக்கிறது. மறுநாளே பள்ளத்து வழியை ஊர்ப் பாதையாகப் பதிவு செய்ய வேண்டுமென்று கிஸ்லேன் மேயரிடம் போய் நின்றிருக்கிறாள். ரூஸே ஒரே நிபந்தனைதான் போட்டாளாம்: "கோவில் பக்கம் தூரிகையோட வந்தா கைய ஒடிச்சிடுவேன்." புள்ளி அதிகாரபூர்வமாகிவிட்டது. இரண்டு நாளாக ஃபிர்மேன் ஏணியில் ஏறிக் கண்மட்டத்தில் போடுகிறான், தோள் வலிக்கிறதென்று முனகிக்கொண்டே.

ஏப்ரல் 11, சனி

வெயில் வந்ததும் தனியாக நடக்கப் போனேன். ஃபிர்மேன் தடுக்கவில்லை, ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சிலுவை முக்கில் மறுபடி வந்தது. நின்ற இடத்திலேயே எல்லாம் கழன்றுபோயிற்று. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மன்னிக்கணும், நீங்க இந்த ஊர்தானே? ஊருக்கு எந்தப் பக்கம்?" முதுகுப் பையோடு ஒரு இளம் தம்பதி, பெல்ஜியக்காரர்கள். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

தெரியாதென்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. மேப்பிள் மரத்தைப் பார்த்தேன். கோடு. கீழே புள்ளி.

"இப்படி. என்கூட வாங்க," என்றேன்.

அவர்கள் வழியெல்லாம் புறாமாடத்தைப் பற்றியும் ரொட்டிக்கடையைப் பற்றியும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த புள்ளியைத் தேடினேன், ஒவ்வொரு மரத்துக்கும் இது கடைசியாக இருந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டே. கோவில் கோபுரம் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க இல்லன்னா தொலைஞ்சே போயிருப்போம்," என்றாள்.

ஃபிர்மேன் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். "நடை எப்படி இருந்துச்சு?" என்றான், திரும்பாமல்.

எப்போதும்போல நல்லா இருந்துச்சு என்று சொல்லியிருக்கலாம்.

"மறுபடி வந்துச்சு," என்றேன். "ரொம்ப பயந்துட்டேன்."

அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நானும்தான்," என்றான். பிறகு எந்த மரம் வரைக்கும் பயமாக இருந்ததென்று கேட்டான், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.