சத்தம் போடாத மாடிப்படி

செவ்வாய், இரவு

மாடிப்படியைச் சரிசெய்யாமலே விட்டிருக்கலாம். எஸ்தரைக் கல்யாணம் கட்டிக்கொண்டு, சாம்பியன் ரீப்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரின் இந்தப் பழைய வீட்டுக்கு அழைத்து வந்தபோதே மரப்படிகள் கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவள் மாடியறையில்தான் படுத்திருக்கிறாள். நான் ஏறி இறங்கும் சத்தத்தில் அவள் தூக்கம் கெடுகிறதென்று நினைத்து, காலையில் தச்சரை அழைத்தேன். அவர் தளர்ந்த பலகைகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, இடுக்குகளில் மெழுகு தேய்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறினேன். ஒரு சத்தமும் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. கதவைத் தள்ளினால், எஸ்தர் தலையணையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னாச்சு எஸ்தர், வலிக்குதா?”

அவசரமாக எழுந்து உட்கார்ந்தாள். “நீங்க வர்றது கேக்கவே இல்லீங்க. எப்பவும் படி சத்தம் கேட்டதும் கண்ணத் தொடச்சிக்குவேன்.”

எப்பவும் என்றாள். டாக்டர் சொன்னதை அவளுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டதாக நானும் மகனும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கஞ்சியை ஊட்டினேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது மாத்திரை கொடுக்கப் போக வேண்டும். கீழ்ப்படியில் நின்று நன்றாக இருமிவிட்டு, மெதுவாக ஏறுவேன்.