பெயர்கள் முடியும்வரை

8 அக்டோபர் 2025, புதன்

நான் வேலை செய்கிற புடவைக்கடைக்கு லீவு. தனியாகப் போய் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தேன். மகள் மருந்தாளர் படிப்பை விட்டுப் படத்தொகுப்புப் படிக்கப் போய் இரண்டு வருடம். எதற்காக விட்டாள் என்று நானும் ஒருக்கால் பார்க்க வேண்டாமா?

ஒருத்தி கோப்பி போடுகிறாள், குடிக்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். சண்டையில்லை, பாட்டில்லை. முடிந்ததும் எழும்பினேன். பக்கத்துப் பிரெஞ்சுக் கிழவி முழங்காலை நகர்த்தவேயில்லை! வரிசை முழுக்க உட்கார்ந்து திரையில் பெயர் வாசிக்கிறது. இதென்ன, கோயில் உபயகாரர் பட்டியலா?

9 அக்டோபர்

பாரிஸ் புறநகர் பொண்டியிலிருந்து தில்லைநாயகி மச்சாளின் போன். "அக்‌ஷரா எப்ப மருந்துக்கடை போடுறாள்?"

"இன்னும் ஒரு வருசம் கிடக்கு மச்சாள்."

பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் அக்‌ஷரா கதவடியில். கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். படிப்பை விட்டதற்கு நான் ஏசியதிலிருந்து, இரண்டு வருடமாக என்னோடு பிரெஞ்சில்தான் பேச்சு. தமிழை எனக்குத் தண்டனையாக நிறுத்திவிட்டாள்.

12 நவம்பர், புதன்

ஐந்தாவது படம். டிக்கெட் கிழிக்கிற பெண் சொன்னாள்: எந்த நாட்டுப் படம் பார்த்தாலும் டிக்கெட்டில் ஒரு பங்கு இங்கே புதிதாகப் படம் எடுக்கிறவர்களுக்குப் போகுமாம். அப்படியென்றால் நானும் கொடுத்திருக்கிறேன்! வீட்டில் சொல்லவில்லை.

28 டிசம்பர், ஞாயிறு

சாப்பாட்டில் அக்‌ஷரா தானாகவே கதைத்தாள், பிரெஞ்சில்தான். நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் இதே நாளில், பாரிஸில் ஒரு கோப்பிக்கடையின் கீழ்த்தளத்தில் காசு வாங்கிப் படம் காட்டினார்களாம். முப்பத்துச் சொச்சம் பேர்தான் வந்தார்களாம்.

"எங்கடை சாமத்தியவீட்டுச் சடங்குக்கு அதைவிடக் கூட வரும்" என்றேன். சிரித்தாள். எத்தனை நாளாயிற்று!

பிறகு, காசில்லாத இளசுகள் கமெராவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி எடுத்த படங்களின் கதை. அவள் செய்கிற வேலையில், வெட்டியது தெரியாவிட்டால்தான் தொகுப்பு நல்லதாம்.

"அப்ப உன்ரை வேலையை நான் எங்கை பாக்கிறது?"

கடைசியில், பெயர்களில் என்றாள். அதற்குள் நீ எழும்பிவிடுவாய், டீவியிலும் அப்படித்தானே என்றும் சொன்னாள். சுட்டது.

3 மார்ச் 2026

அவள் தொகுப்பில் உதவி செய்த படம் அடுத்த புதன் வருகிறது. மேசையில் அவள் வைத்துவிட்டுப் போன இரண்டு டிக்கெட். இவருக்கு அன்று ரெஸ்டோரன்ட் வேலை. மற்றது யாருக்கு?

10 மார்ச்

மச்சாளைக் கூப்பிட்டுவிட்டேன். "படம் பாக்க வாங்கோ" என்று மட்டும்.

11 மார்ச், புதன்

மச்சாள் இரண்டு தரம் "பாட்டு வராதோ?" என்றா. படம் முடிய, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா.

"எழும்பும் தர்மிளா, முடிஞ்சுது."

"இருங்கோ மச்சாள். இன்னும் முடியேல்லை."

பெயர்கள் ஏறிக்கொண்டேயிருந்தன. சாப்பாடு கொடுத்தவருக்கும் பெயர், வான் ஓட்டியவருக்கும் பெயர். பிறகு வந்தது: அக்‌ஷரா இராஜேந்திரன்.

"உது எங்கடை பிள்ளையின்ரை பேரெல்லோ?"

"ஓம். மருந்துப் படிப்பை அவள் எப்பவோ விட்டிட்டாள். நான்தான் வெக்கத்திலை உங்களுக்குப் பொய் சொன்னனான்."

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மச்சாள் கைப்பையை மடியில் வைத்து மறுபடி உட்கார்ந்தா. கடைசிப் பெயர் போகும்வரை இருந்தோம்.

வெளிச்சம் வந்தபோது என் தோளில் ஒரு கை. அக்‌ஷரா பின்வரிசையில்தான் இருந்திருக்கிறாள்.

"அம்மா, இப்ப எழும்பலாம்" என்றாள், தமிழில்.