தண்டவாளத்தின் மேல் நின்ற கார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி குறைந்ததா? என் அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நேற்று ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. காலில் மாவுக்கட்டோடு இருக்கும் முதலாளியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என்னைவிட இரண்டு வயதே இளைய கார் அது. ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி சரி, பெட்ரோலும் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்பின் முனகலைக் காணோம். முந்தின நாள் ஹாரன் அடிக்கவில்லை என்று, அதற்கு மின்சாரம் விடும் குட்டி ஸ்விட்ச்சான ரிலேயையும் பம்ப்பின் ரிலேயையும் இடம் மாற்றிச் செருகியவன் நான்தான். அப்போது இரண்டும் வேலை செய்தன, அப்படியே விட்டுவிட்டேன். ஹாரனைப் படுத்திய அந்த ரிலேதான் இப்போது பம்ப்பை நிறுத்திவிட்டது.

மணி அடித்து கேட் இறங்கியது. "ஐயோ, வண்டிய எடுப்பா! என்னால இறங்க முடியாதுப்பா!" என்று முதலாளியம்மா அலறினார்கள். பானட்டைத் திறக்க நேரமில்லை. முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டு, சாவியைத் திருப்பியபடியே பிடித்துக்கொண்டேன். ஸ்டார்ட்டரின் பலத்திலேயே கார் விக்கி விக்கி நகர்ந்து தண்டவாளத்தைத் தாண்டியது. அவ்வளவுதான்.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு, கார் துடைக்க வேண்டும். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

முதலாளியம்மா கூப்பிடுகிறார்கள். ரயில் தூரத்தில்தான் வந்தது என்று என் அம்மாவிடம் சொல்லிவிடு. உன்னிடமும் அப்படிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் வீட்டுக்காரன்