பட்டாசுப் படம் போட்ட பாட்டில்

மேடம்,

முந்தாநாள் காலை எங்கள் அடுப்பில் கடல்பாசி கொதித்தது. மருமகள் சென்னையிலிருந்து வாங்கி வந்த பாக்கெட். க, ட, ல், பா, சி. ஐந்து எழுத்தையும் நானே கூட்டிப் படித்தேன். ஆமாம் மேடம், உங்கள் மாணிக்கம் படித்தான்! இந்த மடலையும் நானேதான் எழுதுகிறேன். இது மூன்றாம் நாள். மெதுவாகத்தான் வருகிறது.

தார்நாகாவில் நாம் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலும் நான் கடல்பாசி காய்ச்சியிருக்கிறேன், சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டு. அந்தக் கூழை வளைந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி உறைய வைப்பேன். நீங்கள் இரண்டு பீக்கர்களுக்கு நடுவே அதைப் பாலமாகக் கவிழ்ப்பீர்கள். ஒன்றில் அளவு தெரிந்த வெள்ளிக் கரைசல். இன்னொன்றில் அடியில் தங்கிய வெள்ளைப் பொடி, மேலே தெளிந்த தண்ணீர். இரண்டிலும் வெள்ளிக் கம்பி, கம்பிகளுக்கு இடையே மீட்டர்.

"இந்தப் பொடி கரையவே இல்லையே மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொஞ்சம் கரைஞ்சிருக்கும் மாணிக்கம். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கம்பிக்குத் தெரியும்."

எண்கள் மட்டும் எனக்குத் தெரியும். மீட்டரைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எவ்வளவு கரைந்தது என்று அதை வைத்துக் கணக்குப் போடுவீர்கள்.

எழுத்து தெரியும் என்று பொய் சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். கூழுக்குப் பட்டாசில் சேர்க்கும் வெடியுப்புதான் போட வேண்டும். அதற்கு நீல மூடி, கடல் உப்பு வகையான குளோரைடுக்குச் சிவப்பு மூடி. அப்படித்தான் காலம் ஓட்டினேன். ஒருமுறை வேறு கடைச் சரக்கு வந்தது. மூடிகள் மாறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பாலத்தை வைத்ததும், குளோரைடு பட்டு வெள்ளிக் கரைசல் வெள்ளையாகக் கலங்கிவிட்டது.

"க்யா மாணிக்கம், தூத் பட் கயா?" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பால் திரிந்த மாதிரிதான் இருந்தது.

நீங்கள் பாட்டிலைப் பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். "நான்தான் பாட்டிலை மாத்திக் கொடுத்துட்டேன்" என்று அவரிடம் சொன்னீர்கள்.

அவர் டீ குடிக்கப் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "கத்துக்கறீங்களா? மத்தியானம் அரை மணி நேரம் போதும்."

"நக்கோ மேடம், வேண்டாம். இந்த வயசுல ஏறாது" என்றேன். வெட்கம் மேடம், வேறொன்றுமில்லை.

நீங்கள் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை வெடியுப்புப் பாட்டிலில் ஒரு பட்டாசும் குளோரைடு பாட்டிலில் கடல் அலையும் வரைந்திருந்தீர்கள். "என் ஞாபகமறதிக்கு" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். நான் ஓய்வு பெறும்வரை, புதுப் பாட்டில் வந்த அன்றே உங்கள் பேனா அதில் படம் போட்டுவிடும்.

நீங்கள் காலமான செய்தியைப் பேப்பரில் பார்த்து மருமகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். உங்கள் படத்துக்குக் கீழே இருந்த பெயர்கூட எனக்கு வெறும் கோடுகளாகத் தெரிந்தது. மறுநாளே அவளிடம் ஒரு சிலேட்டு கேட்டேன். அன்று முதல், தன் மாதாப்பூர் ஆபீஸ் வண்டி வருவதற்குள் அதில் நான்கு எழுத்து எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

முதலில் உங்கள் பெயரை எழுதக் கற்றேன்.

நீங்கள் படம் போட்ட, காலியான வெடியுப்புப் பாட்டில் ஒன்றை என்னிடம் வைத்திருக்கிறேன். இப்போது அதில் பென்சில்கள் இருக்கின்றன. நேற்று அதில் ஒரு காகிதம் ஒட்டி, பட்டாசுக்குக் கீழே 'பொட்டாசியம் நைட்ரேட்' என்று எழுதினேன். ஒரு புள்ளி விட்டுப்போனது, பிறகு வைத்தேன். படத்தை மறைக்காமல்தான் ஒட்டியிருக்கிறேன்.

மாணிக்கம்