தமிழ் மட்டும் தெரிந்த நாய்

என் ராசா அண்ணாவுக்கு,

மணியன் போய்விட்டான். சுற்றி வளைத்துச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், விலங்குக் காப்பகத்தின் பின்பக்க அறையில். நான் பக்கத்தில் இருந்தேன்.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வீட்டில் உங்கள் மச்சான், "ஒரு நாய்க்குப் போய் இவ்வளவு அழுறீர்" என்கிறார். அவரில் பிழை இல்லை. சில்க்போர்க் ஊரில் உங்கள் வீட்டில், தொழிற்சாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், நீங்கள் வாய் திறந்து தமிழ் கதைத்த ஒரே உயிர் அவன்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? "இஞ்ச வா", "பேசாமல் இரு", "சாப்பிடடா" எல்லாம் அவனுக்கு விளங்கும். டேனிஷில் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டான்.

நுரையீரலில் நோய் என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? டாக்டர் மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் என்னைப் பார்த்து, "உவன் எங்க நிப்பான்? அதை முதல் கேள்" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்களின் பிராணிகளைக் காப்பகத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்று ஒரு தாதிதான் சொன்னாள். அடுத்த நாளே கிர்ஸ்டன் தன் வான் வண்டியோடு வந்தாள். காப்பகத்தில் வேலை செய்யும் அந்தப் பெண்ணைக் கண்டதும் நீங்கள் சொன்னது, "நல்ல மனுசி போல கிடக்கு. ஆனால் தமிழ் தெரியாதே."

கடைசிக் கிழமைகளில், இனி வைத்தியம் இல்லை என்று உங்களை மாற்றிய ஹொஸ்பிஸ் இல்லத்துக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது அவள்தான். கட்டிலில் தூக்கி விட்டதும் உங்கள் கால்மாட்டில் சுருண்டு படுப்பான். அப்படிப் படுத்திருந்த ஒரு நாள்தான் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "தங்கச்சி, தமிழ் கதைக்கிற வீடாய்ப் பார்த்து விடு. வேற ஒண்டும் வேண்டாம்." என் மகளுக்கு ஆஸ்துமா என்பதால் என்னிடம் வைத்திரு என்று ஒருநாளும் கேட்கவில்லை. நான் "ஓம் அண்ணா" என்றேன்.

நீங்கள் போனபிறகு அவன் சாப்பிடவில்லை. கிர்ஸ்டன் என்னை அழைத்து, "உன் அண்ணா என்ன சொல்லிச் சாப்பாடு வைப்பார்?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவள் "சாபிததா" என்றாள். அதைக் கேட்டு மணியன் தலையைச் சரித்து அவளையே பார்த்தானாம். நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான் நான் சிரித்தேன். அதன்பிறகு, நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இடைவேளை விடும்போது நான் அழைக்க, அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டு அவன் பக்கத்தில் வைப்பாள். நான், "சாப்பிடடா ராசா" என்பேன். பாதித் தட்டாவது காலியாகும்.

காப்பகத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை, அண்ணா. அவன் சிறுநீரகம் பழுதென்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். அவனை வளர்க்க எடுக்கிறவர்களுக்கு அவனுடைய விசேஷ உணவை நாங்களே தருகிறோம் என்றார்கள். நான் கோயிலில் கேட்டேன், கலியாண வீடுகளில் கேட்டேன், வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். "பாவம் அக்கா, ஆனால் வீட்டில சாமியறை இருக்கு." "நல்ல நாய்தான், வயசு போட்டுது." எல்லோரும் படத்துக்கு இதயம் போட்டார்கள். ஒருவரும் வரவில்லை.

பிறகு தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலிருந்து ஒரு இளம் சோடி வந்தது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள், கார்த்திக்கும் நிவேதாவும். கார்த்திக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவ்வளவு தூரம் கார் ஓடி வந்த களைப்போடு நிவேதா நேராகத் தரையில் உட்கார்ந்தாள். "வாடா தங்கம், இங்க வா."

மணியன் அசையவில்லை. நான் பின்னால் நின்று, "'இஞ்ச' எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"இஞ்ச வா," என்றாள்.

எழும்பிப் போய் அவள் மடியில் தலையை வைத்தான். அவளும் அழுதாள், நானும் அழுதேன். கிர்ஸ்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனைத் தங்களோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கோடை முழுக்க அவர்களிடமிருந்து படங்கள் வந்தன. கடற்கரையில் மணியன், சோபாவுக்குக் கீழே மணியன். "அக்கா, இப்ப எங்க தமிழும் அவனுக்குப் புரியுது" என்று நிவேதா எழுதினாள். உங்கள் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

இலை உதிரத் தொடங்கியபோது கார்த்திக்குக்கு வேலை போய்விட்டது. வேலை இருந்தால்தானே இந்த நாட்டில் இருக்க விடுவார்கள்? தேடித் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. நிவேதா போனில் விக்கி விக்கி அழுதாள். "கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தோம் அக்கா. இந்த வயசுல, இந்த உடம்போட ஃப்ளைட்ல தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எங்கள மன்னிச்சிடுங்க."

"நீங்கள் என்ன செய்யிறது பிள்ளை" என்றேன்.

அவர்கள் திரும்பக் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டபோது அவன் குரைக்கவில்லை, காரின் பின்னால் ஓடவுமில்லை என்று கிர்ஸ்டன் சொன்னாள். தானாகவே நடந்து போய்த் தன் பழைய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தானாம். அழுதிருந்தாலும் பரவாயில்லை, அண்ணா. அவன் பழகிப்போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு போனில் என் குரலுக்கும் எழும்பவில்லை. மிருக வைத்தியர் என்னைக் கூப்பிட்டு, இனி அவனுக்கு வலி மட்டும்தான் மிச்சம் என்றார்.

பிராணிகளுக்கு விடைகொடுக்க வருகிறவர்களுக்கென்றே காப்பகத்தில் ஓர் அறை வைத்திருக்கிறார்கள். கம்பளம் விரித்து, சின்ன விளக்கு ஏற்றி. அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "அண்ணா வாறார்" என்று சொல்ல வாயெடுத்தேன். பொய்தானே என்று விழுங்கிவிட்டேன். "பேசாமல் இரு ராசா" என்றேன். சொன்னபடி பேசாமல் இருந்தான். ஊசி போட்டார்கள். மூச்சு நிற்கும்வரை அவன் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டபடி உங்களை மயானத்தில் பெயர்க்கல் இல்லாத பொதுப் புல்தரையில் அடக்கினோம். அவன் சாம்பலை அங்கே வைக்க விடமாட்டார்கள். காப்பகத் தோட்டத்தில் மற்றப் பிராணிகளோடு வைப்பதாகக் கிர்ஸ்டன் சொன்னாள், சம்மதித்தேன். "அவனுக்கு ஒரு நல்ல கோடைகாலம் கிடைத்தது" என்று என் தோளைத் தொட்டாள். தலையாட்டினேன். ஒரு கோடைகாலம் போதுமா, அண்ணா? எல்லோரும் நல்லவர்களாய் இருந்தும் ஒரு நாய்க்கு வீடு இல்லாமல் போகுமென்றால், யாரைப் போய்க் கோபிப்பது?

நேற்றுக் கிர்ஸ்டன் திரும்பவும் அழைத்தாள். தமிழ் அம்மா ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம். அங்கே அவர் வளர்க்கிற பூனையைக் கொண்டுபோக முடியாது. அவருக்கு டேனிஷ் போதாது, பிள்ளைகள் தூரத்தில். "வந்து அவரோடு கதைப்பாயா?" என்று கேட்டாள். என்னால் ஏலாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு நானே திருப்பி அழைத்து, சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

போவேன், அண்ணா. நல்ல இடம் கிடைக்கும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கை என்னிடம் இல்லை. பூனையை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று மட்டும் கேட்டு, அதை அவர் சொல்கிற மாதிரியே சொல்லப் பழகிக்கொள்வேன். கடைசிவரை அதை அப்படிக் கூப்பிட நான் இருப்பேன்.

உங்களுக்குப் பின் பிறந்த ஒரே தங்கச்சி,
வதனி
பிரெடெரிசியா