வெர்னனைச் சாகடித்தது நான்தான்

நவம்பர் 4, செவ்வாய்

காலை எட்டுக்கு மேக்கப். பதினோரு மணிவரை மழை விடவில்லை, வெளிப்புறக் காட்சி தள்ளிப்போனது. கேன்டீனில் பெரிலும் நானும் வழக்கம்போல் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. முப்பத்தொரு வருடமாக இந்த டிவி தொடரில் நான் ஹார்ட்வேர் கடை வெர்னன். இருபத்திரண்டு வருடமாக அதில் அவள் என் மனைவி ஐவி. வீட்டில் என் நிஜ மனைவி நோராவோடு சாப்பிட்டதைவிட இவளோடு சாப்பிட்டதுதான் அதிகம். நோராவே அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நவம்பர் 6, வியாழன்

தயாரிப்பாளர் இமோஜென் மாடிக்குக் கூப்பிட்டாள். மாடிக்குக் கூப்பிட்டால் ஒன்று பிறந்தநாள் கேக், இல்லாவிட்டால் கழுத்துக்குக் கத்தி. என் பிறந்தநாள் ஜூனில்.

"வெர்னனும் ஐவியும் கடையை வித்துட்டு ஸ்பெயினுக்குப் போயிடறாங்க, ஹெட்லி. டாக்சில ஏறி, கையாட்டிட்டு. கதவைத் திறந்தே வச்சிருக்கோம். எப்ப வேணா திரும்பி வரலாம்."

எனக்குத் தெரிந்து எட்டுப் பேர் அந்த டாக்சியில் ஏறியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் ஒருவர், அதுவும் ஒரு வாரத்துக்கு.

எனக்கு எழுபத்து மூன்று. சமாளிப்பேன். பெரில்? இந்தத் தொடருக்கு முன் ஒன்பது வருடம் வேடம் கிடைக்காமல், பெரிய கடை ஒன்றின் வாசலில் வருகிறவர்கள் கையில் சென்ட் அடித்துக்கொண்டு நின்றவள். "நீங்க அந்த நடிகைதானேன்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லுவேன்" என்று ஒருமுறை சொன்னாள். இப்போது அறுபத்தாறு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஜோடியாகப் போனால் இரண்டு பேரும் காலி. ஒருவன் செத்தால்? விதவைக்குக் கதை உண்டு. சவ அடக்கம், தனியாகக் கடை, சண்டை போட்டுப் போன மகன் திரும்பி வருவது — குறைந்தது ஒரு வருடம் ஓடும்.

நானே மாடி ஏறினேன். "என்னைக் கொன்னுடு, இமோஜென்."

பேனாவைக் கீழே வைத்தாள். "செத்தா திரும்பி வர முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும். பெரில் இருக்கணும். நான் அதுக்காகக் கேட்டேன்னு அவளுக்குத் தெரியக்கூடாது."

பார்க்கலாம் என்றாள்.

இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? நல்ல சாவுக் காட்சி ஒன்று வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது. எந்த நடிகனுக்கு இல்லை?

நவம்பர் 11, செவ்வாய்

ஒப்புக்கொண்டார்கள்.

நவம்பர் 12, புதன்

கதை எழுதுகிறவர்களில் யாரோ பாதியை உளறியிருக்கிறார்கள். மேக்கப் அறையில், எல்லோர் முன்னாலும், பெரில் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்பெயினுக்குப் போறதா இருந்ததாமே? நீதான் சாகணும்னு அடம் பிடிச்சியாமே?"

"ஆமா."

"இருபத்திரண்டு வருஷம்யா! நல்ல வசனம் வந்தா உன் பக்கம் தள்ளிக்குவே, நானும் போனா போறான்னு விட்டுடுவேன். கடைசிலயும் உனக்குத் தனி ஆட்டம்தான் வேணுமா? கைகோத்துக்கிட்டுப் போயிருக்கலாமே, கண்ணு."

அந்தக் 'கண்ணு'வில் ஆடிப்போனேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் சொல்லிவிடுவேன் போலிருந்தது.

"பெரிய காட்சி. விட மனசு வரலே" என்றேன்.

பாவி, உடனே நம்பிவிட்டாள். அதுதான் வலிக்கிறது. அவ்வளவு மட்டமானவனா நான்?

ஜனவரி 15, வியாழன்

இன்று செத்தேன். கல்லாவுக்குப் பின்னால், ஒரு தாழ்ப்பாளை எடுத்துக் கொடுக்கும்போது. மூன்று டேக். முதலாவதில் இமை ஆடிவிட்டது. இரண்டாவதில் என் வயிறு கத்தியதை மைக் பிடித்துவிட்டது. மூன்றாவதில் பெரில் என் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். கண்ணீர் நேராக என் காதுக்குள் இறங்கியது. கூச்சத்தில் உயிர் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிணமாகக் கிடந்தேன். அந்த அழுகையில் நடிப்பு எவ்வளவு, கோபம் எவ்வளவு — தெரியவில்லை.

"கட்" என்றதும் என் தலையைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டு எழுந்து போனாள். எல்லோரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். அவள் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

காட்சி போன வாரம் ஒளிபரப்பானது. பத்திரிகைகளில் ஒரே புகழ்ச்சி. வேலை? ஏஜென்ட் சிரித்தான். "இப்பத்தான் ஊரே சேந்து உன்னைப் பொதச்சிருக்கு. இன்னொரு வேஷத்துல வந்தா எவன் நம்புவான்? ஒரு வருஷம் போகட்டும்ங்கறாங்க."

இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மடையன்.

காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் உயிரோடுதானே இருக்கிறேன் என்றேன். "அது தெரியும். ஐவியை நெனச்சாத்தான்..." என்றாள்.

ஒரு வருடமெல்லாம் காத்திருக்க முடியாது. யார் கூப்பிட்டாலும் போய் வசனம் வாசித்துக் காட்டி வேஷம் கேட்கப்போகிறேன்.

மே 12, செவ்வாய்

ஐந்தாவது இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள்.

"ஹெட்லி, பேசாம தோட்டத்துல போய் உக்காரேன்" என்றாள் நோரா.

ஆறாவது இடம் வருகிற வியாழக்கிழமை, டெர்பி நகரத்தில். மேடை நாடகம். என் பாகம் மட்டும் நாற்பது பக்கம். தோட்டத்தில்தான் நடந்துகொண்டு உருப்போடுகிறேன். அவள் சொன்னபடி கேட்டதாகவும் ஆயிற்று.

செப்டம்பர் 14, திங்கள்

எட்டு மாதம் கழித்துப் பெரிலின் போன்.

"ஐவிக்கு மறுபடி கல்யாணம்."

"யாரோட?"

"மீன்கடைக்காரனோட."

"நான் செத்து இன்னும் வருஷம்கூட ஆகலையே!"

சிரித்தாள். அழுகிறாள் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டேன். கையெழுத்துப் போடறப்ப இமோஜென் எல்லாத்தையும் சொல்லிட்டா. ஏன்யா எங்கிட்ட சொல்லலே?"

"சொல்லியிருந்தா என்கூட டாக்சில ஏறியிருப்பே."

"ஏறியிருப்பேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வியாழக்கிழமை கல்யாணக் காட்சி. சுவத்துல மாட்ட உன்னைப் புதுசா ஒரு போட்டோ எடுக்கணுமாம். வர்றியா?"

"வியாழக்கிழமை முடியாது. டெர்பில எனக்கு முதல் நாள் நாடகம்."

"அதுல சாகறியா?"

"இல்லே. கடைசி வரைக்கும் நிக்கறேன்."

"எனக்கு ஒரு சீட் எடுத்து வை. மோதிரத்தை மாட்டிக்கிட்டு நேரா அங்க வர்றேன்."

நான்காவது வரிசையில் எடுத்து வைத்துவிட்டேன். முப்பத்தெட்டாம் பக்கம் மட்டும் இன்னும் நாக்கில் நிற்கவில்லை. நிற்க வைப்பேன்.