மாப்பிள்ளை சொன்ன வருஷம்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் அண்ணி வழக்கம்போல என்னோடு பேசாமலே எனக்கு வேண்டியதையெல்லாம் செய்கிறாள். உன் மகள் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். உன் வீட்டுக்காரருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ பதறிக்கொண்டே படிப்பாய்.

போனில் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டேன், உனக்கு நினைவிருக்கும். நீ “என்னண்ணா?” என்றதும், அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கையால் எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் உன்னைக் கூப்பிடுவார். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

தேர்தல் நெருங்கிவிட்டது. வெளிநாடுகள் கண் வைத்துப் பார்த்தால் ஒழிய இந்த அரசு ஓட்டுகளை ஒழுங்காக எண்ணாது என்பது எங்கள் கட்சித் தலைவரின் எண்ணம். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆகவே ஒவ்வொரு நாட்டுத் தூதராகத் தேநீருக்கு அழைத்துக்கொண்டிருக்கிறோம். பொறுப்பு முழுவதும் தலைவரின் அக்கா மகனுக்கு. வெளிநாட்டில் படித்துவிட்டுப் போன வருடம் வந்து இறங்கியவர். முதுகுக்குப் பின்னால் அவரைச் சீமைத்துரை என்போம். கட்சியின் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் இத்தனை காலம் எழுதியவன் நான். வெளியுறவுச் செயலாளர் பதவி வரப்போகிறது என்று தெரிந்ததும் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். கடைசியில் எனக்குக் கிடைத்தது சீமைத்துரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. மொழிபெயர்ப்பாளர் நாற்காலி. அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் போடுவார்கள்.

நீ வேலை பார்க்கிற நாட்டின் தூதர் வருவதாக முடிவானபோது, போலீசிடம் அடிபட்டவர் யாராவது ஒருவர் நேரில் வேண்டும் என்றார் சீமைத்துரை. பார்த்ததும் தெரிகிற மாதிரி அடிபட்டவர் வேண்டுமாம். இந்த ஆட்சியில் அடிபட்டவர்களுக்கா பஞ்சம்? ஆனால் பாதிப் பேர் சிறையில் இருக்கிறார்கள். மீதிப் பேர் பயந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை. அறையில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். என் தங்கை மாப்பிள்ளைக்கு ஒரு கண் இல்லை என்றேன்.

அந்தக் கண் எப்போது போனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பஸ் ஸ்டிரைக்கில், எட்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் ஆட்சியில். அப்போது போலீஸ் மந்திரி எங்கள் தலைவர். அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாததல்ல. யாரும் வருடத்தைக் கேட்கவில்லை. பொருளாளர் மட்டும் என் முதுகில் தட்டி, “குடும்பத்தையே கட்சிக்குக் குடுக்கிறாருப்பா” என்றார். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்தால் ஏதாவது ஒரு தூதரகத்தில் எனக்கும் ஒரு முன்வரிசை நாற்காலி கிடைக்கும் என்று அந்தச் சிரிப்பிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

உன் கல்யாணத்தில் சாப்பிடாமல் கிளம்பியவன் நான். வங்கியில் வேலை பார்த்தவனை நான் பார்த்து வைத்திருக்க, நீ ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டாய் என்ற கோபம் இன்றுவரை எனக்குப் போகவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்ததே இந்தக் காரியத்துக்காகத்தான். இப்போது வேலை பார்க்கிற டயர் கிடங்கில் இருந்து வந்து, கை கழுவி, சோப்பு வாசனையோடு எதிரே உட்கார்ந்தார். நாங்கள் ஜெயித்தால் டிப்போவில் புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை அவருக்கு உறுதி என்றேன். ஒற்றைக் கண்ணால் வண்டி ஓட்டத்தான் கூடாது, ஓட்டச் சொல்லித்தரலாம் என்று அவரே எத்தனை முறை மனுப் போட்டிருக்கிறார். அந்த வேலை வந்தால் நீ திரும்பி வந்துவிடலாம் என்றும் சொன்னேன். அவர் டம்ளரைக் கையில் சுழற்றினார். “நான் என்ன சொல்லணும் மச்சான்?” என்றார். நடந்ததைச் சொன்னால் போதும் என்றேன். “நடந்ததையா? உங்க தலைவர் பக்கத்துல இருப்பாரே, பரவால்லையா?” என்று கேட்டார். அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

கட்சி அலுவலகத்தில் ஒத்திகை வைத்தோம். பொருளாளர் கோட்டு மாட்டிக்கொண்டு தூதராக உட்கார்ந்தார். எங்கே உட்காருவது, எப்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவது, கழற்றிய பிறகு எத்தனை நேரம் யாரும் பேசக்கூடாது என்பது வரை பழகினோம். “கண்ணாடிய எப்ப கழட்டணும்னு சைகை காட்டுங்க மச்சான், கண்டக்டர் விசில் குடுப்பாரே அது மாதிரி” என்று மாப்பிள்ளை சொல்லப்போய், கோட்டுக்குள் இருந்த தூதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எல்லாக் கேள்வியும் கேட்டுப் பார்த்தோம். எப்போது நடந்தது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியல்லவா, அதனால் தூதருக்கும் அது தோன்றாது என்று இருந்துவிட்டோம் போலிருக்கிறது. இத்தனை படித்தவர்கள் சேர்ந்து செய்த காரியம் இது.

ஓட்டலில் மேல்மாடி அறை. மாப்பிள்ளை நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். “அவ இருக்கிற நாட்டுக்காரங்க, ஒரு மரியாதைக்கு” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். தூதர் உடனே தன் கோப்பையைப் பார்த்தார். பிறகு, மரியாதையான மனிதர், நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: இது எப்போது நடந்தது, யார் உத்தரவு?

நான் கேள்வியைச் சரியாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை, எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல, கோபமே இல்லாமல் சொன்னார்: “எட்டு வருஷம் ஆச்சுங்க. பஸ் ஸ்டிரைக் அப்ப. இவங்க ஆட்சியிலதான். ஐயாதான் அப்ப மந்திரி.” தலைவரைக் கையால் காட்டவும் செய்தார்.

தலைவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பொருளாளர் பிஸ்கட் தட்டைச் சரிசெய்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: போன வருடம், ஓர் ஊர்வலத்தில், உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது.

தங்கச்சி, யாரும் என்னை மிரட்டவில்லை. யோசிக்கவும் எனக்கு நேரம் ஆகவில்லை. வாய் தானாகச் சொன்னது, அதுவும் நல்ல ஆங்கிலத்தில். சொல்லி முடித்ததும் நாற்காலியை யாரோ கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டதுபோல இருந்தது எனக்கு.

தூதருக்குப் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம் பெண் அதிகாரி ஒருத்தி பேனாவை நிறுத்தினாள். நான் சொன்னதை அவள் எழுதவில்லை. அதைக் கவனித்தும் நான் காப்பி வரவழைத்தேன். கிளம்பும்போது அவள் லிப்ட் பக்கத்தில் மாப்பிள்ளையோடு ஏதோ பேசினாள். சைகையில் பேசிக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மறுவாரம் தூதரகத்திலிருந்து மிகப் பணிவாக ஒரு கேள்வி வந்தது. உங்கள் சாட்சி சொன்ன வருடத்தை உறுதிப்படுத்த இயலுமா? சீமைத்துரை வியர்த்துப்போனார். பார்க்க எனக்குச் சுகமாக இருந்தது, ஒரு நிமிடம். பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டு, “தப்பு அந்த ஆள் சொன்னதா இருக்கட்டும்பா. நீ பாத்து எழுதிடு” என்றார்.

எழுதினேன். மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கை. தலையில் அடிபட்டதிலிருந்து எனக்கு நினைவு அடிக்கடி தடுமாறுகிறது, ஆகையால் தூதரிடம் வருடத்தைத் தவறாகக் கூறிவிட்டேன், கட்சிக்கு இதில் தொடர்பில்லை. அந்த நினைவுத் தடுமாற்றம் என் சொந்தச் சரக்கு. அழகாக விழுந்த வாக்கியம் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நினைவு தடுமாறுகிறது என்று கையெழுத்துப் போட்டவரை எந்த டிப்போ புது டிரைவர்கள் பக்கம் விடும்? அந்த வேலையும் போகும், நீ வருவதும் போகும். இது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

நேற்று டயர் கிடங்குக்கே கொண்டுபோனேன். ரப்பர் நெடியில் நின்றுகொண்டே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “கை கரியா இருக்கு. நீங்களே படிங்க மச்சான்” என்றார். என் வாயாலேயே படித்தேன். நினைவு தடுமாறுகிறது என்ற இடத்தை மட்டும் வேகமாகப் படித்துத் தாண்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “இருக்கிறதத்தான படிச்சீங்க? அன்னைக்கு மாதிரி மாத்திப் படிக்கலையே?” என்றார்.

குறிப்பெடுத்த அந்தத் தூதரகப் பெண்ணுக்கு நம் மொழி தெரியுமாம். புத்தகத்தில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது, அவர் வேறு வருடம் சொன்னார் என்று லிப்ட் பக்கத்தில் சொல்லியிருக்கிறாள். “அப்ப ஏம்மா அங்கயே சொல்லல?” என்று இவர் கேட்டிருக்கிறார். அது என் வேலை இல்லை என்றாளாம். பிறகு இவர், என் சம்சாரம் உங்கள் நாட்டில்தான் இருக்கிறாள், ரொம்பக் குளிருமா என்று கேட்டாராம். இத்தனையையும் தெரிந்துகொண்டு, அன்று அதே காரில் என்னோடு திரும்பி வந்து, இறங்கும்போது “வரேன் மச்சான்” என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் அவர்.

அவர் என்னைத் திட்டவில்லை. டிரைவர் சங்கத்தில் சொல்லி என்னைச் சந்தி சிரிக்கவைக்கவும் இல்லை. “தாளை வச்சுட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை அவகிட்ட கேட்டுட்டுப் போடுறேன்” என்றார். தாளை ஒரு பழைய டயரின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அதைத் திரும்ப எடுத்துக் கிழித்துப் போட எனக்குக் கை இருந்தது. எடுக்கவில்லை. அதுதான் நான். திங்கட்கிழமை தலைவர் அந்தத் தாளைக் கேட்பார் என்ற நினைப்பு, இதை எழுதும்போதும் என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னைக் கேட்பார். நீ உன் வேலையை நினைப்பாய், மகளை நினைப்பாய், அண்ணன் பிழைப்பு என்னாகும் என்றும் நினைப்பாய். கடைசியில் சொன்னதை நினைக்காதே. கையெழுத்துப் போடாதீங்க என்று மட்டும் சொல். அவருக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது, வருடம் உட்பட.

நான் சொல்லச் சொன்னதாக மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. இதிலும் எனக்கு ஒரு நல்ல பெயர் வேண்டாம்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும்.

உன் கல்யாணத்தில் சாப்பிடாமல் போன
அண்ணன்